குடல் புற்று கல்லீரலுக்குப் பரவினால்: ‘ஸ்டேஜ் ஃபோர்’ என்பதன் உண்மையான பொருள்

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் ‘லிவர் செகண்டரீஸ்’ என்று இருக்கும். ஓ.பி. சீட்டில் ‘ஸ்டேஜ் ஃபோர்’ என்று எழுதியிருப்பார்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ நோயாளியை மதுரைக்கு அழைத்துவந்த குடும்பம் இந்த இரண்டையும் படித்துவிட்டு, ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று புரிந்துகொண்டு பஸ் ஏறிவிடுகிறது. பல புற்றுநோய்களில் நாலாவது கட்டம் என்றால் நோயை அடக்கி வைப்பதுதான் சிகிச்சையின் இலக்கு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இதில் வேறுபடுகிறது. கல்லீரல் வரை போன பிறகும் அறுவை செய்து, ஒரு பகுதி நோயாளிகளை முழுமையாகக் குணப்படுத்த முடிகிற மிகச் சில புற்றுநோய்களில் இது ஒன்று. யாருக்கு முடியும், யாருக்கு முடியாது, அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் கல்லீரலுக்கே போகிறது?

வைகையை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். முல்லையாறு, கொட்டக்குடி ஆறு என்று தேனிப் பக்கத்து ஆறுகளெல்லாம் சேர்ந்து வைகை அணைக்கு வருகின்றன. தண்ணீரோடு வரும் வண்டல் அணையில்தான் படிகிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தமும் அப்படித்தான். அது நேரே இதயத்துக்குப் போவதில்லை. சிறுகுடல், பெருங்குடல், மண்ணீரல் எல்லாவற்றின் ரத்தமும் ‘போர்ட்டல் வெயின்’ என்ற ஒரே பெரிய நாளத்தில் சேர்ந்து, முதலில் கல்லீரலுக்குள் போகிறது. சாப்பாட்டின் சத்தைப் பிரித்துச் சேமிக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. குடலில் உள்ள கட்டியிலிருந்து பிரிந்த செல்லும் அதே வழியில் வந்து, கல்லீரலின் மெல்லிய ரத்தச் சந்துகளில் தங்கிவிடுகிறது.

மலக்குடலின் அடிப்பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்குள்ள ரத்தத்தில் ஒரு பங்கு இந்த அணையைச் சுற்றிக்கொண்டு வேறு நாளம் வழியாக இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போய்விடும். ஆசனவாய்க்கு அருகில் கட்டி உள்ளவர்களுக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேனைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது இதனால்தான்.

குடல் புற்று கண்டுபிடிக்கப்படும் அன்றே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கல்லீரலிலும் கட்டி இருக்கிறது. இன்னும் சிலருக்குக் குடல் ஆபரேஷன் முடிந்து ஓரிரு வருடங்களில் தெரியவருகிறது. நம் பக்கத்தில் தாமதத்துக்கு ஒரு காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். மலத்தில் ரத்தம் போனால் அது மூலம்தான் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ‘மூலம், பௌத்திரம்’ என்று சுவர் விளம்பரம் இல்லாத ஊர் இல்லை. ஆறு மாதம் அந்த மருந்தைத் தின்றுவிட்டு, எடை குறைந்து, ரத்தசோகையோடு வந்து கொலனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் குடலுக்குள் பார்ப்பது) செய்யும்போது கட்டி நன்றாக வளர்ந்திருக்கிறது.

இது ‘கல்லீரல் புற்றுநோய்’ அல்ல

செகண்டரீஸ் என்றால் வேறு இடத்தில் தொடங்கி இங்கே வந்து முளைத்தது என்று பொருள். கல்லீரலில் இருந்தாலும் அந்தச் செல் குடல் செல்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குடலின் சாயல் தெரியும். ஆகவே மருந்தும் குடல் புற்றுக்கான மருந்துதான். கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோய் வேறு, அதன் மருந்துகள் வேறு. சொந்தக்காரர் ஒருவர் ‘எங்க மாமாவுக்கும் ஈரல்ல கட்டிதான், மூணு மாசம்கூடத் தாங்கல’ என்று சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் இன்னொரு நோயைப் பற்றி. இந்தக் குழப்பத்தால் சிகிச்சையையே வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதல்ல, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு

பெரியவர்களின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். கறிக்கடையில் ஆட்டு ஈரலைக் குறுக்கே வெட்டும்போது கவனித்திருப்பீர்கள்: வழவழப்பான சதைக்குள் வெள்ளை விளிம்போடு குழாய் குழாயாகத் துளைகள் தெரியும். ரத்தம் உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், பித்தம் இறங்கும் குழாய் என்று மூன்றும் அதில் இருக்கும். மனிதக் கல்லீரலை இந்தக் குழாய்களின் கிளைகளை வைத்து எட்டுப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரவு, தனி வடிகால். அதனால் ஒன்றிரண்டு பகுதிகளை எடுத்துவிட்டாலும் மற்றவை வேலை செய்துகொண்டே இருக்கும். அதோடு கல்லீரல் மட்டும்தான் வெட்டிய பிறகு மீண்டும் பருத்து, சில வாரங்களில் இழந்த அளவில் பெரும்பகுதியை ஈடுகட்டிக்கொள்கிற உள்ளுறுப்பு.

எத்தனை கட்டி இருக்கிறது என்று எண்ணி, நாலுக்கு மேல் இருந்தால் ஆபரேஷன் இல்லை என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று கேள்வியே மாறிவிட்டது. அறுவை நிபுணர் பார்ப்பது இவற்றை:

1. கட்டிகள் அனைத்தையும், ஒன்றுகூட விடாமல், எடுக்க முடியுமா?
2. எடுத்த பிறகு மிஞ்சும் கல்லீரல் போதுமா? நல்ல கல்லீரலாக இருந்தால் மொத்தத்தில் 20 சதவீதம் மிஞ்சினாலும் தாங்கும். நிறைய கீமோ வாங்கிய கல்லீரலுக்கு 30 சதவீதம் வேண்டும். சிரோசிஸ் வந்து தழும்பேறிய கல்லீரலுக்கு 40 சதவீதமாவது வேண்டும். சர்க்கரை நோயால் கொழுப்புப் படிந்தது, குடியால் கெட்டது என்றால் கணக்கு இங்கேயே இறுகிவிடும்.
3. மிஞ்சும் பகுதிக்கு வரவுக் குழாய், வடிகால் குழாய், பித்தக் குழாய் மூன்றும் சேதமில்லாமல் இருக்குமா?
4. கல்லீரலுக்கு வெளியே நோய் இருக்கிறதா? நுரையீரலில் சிறியதாக ஒன்றிரண்டு இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். வயிற்று உறையெங்கும் பரவியிருந்தால் நிலைமை வேறு.
5. பெரிய ஆபரேஷனை நோயாளியின் இதயமும் நுரையீரலும் தாங்குமா? பிறந்த வருடத்தைவிட உடல் தெம்பு முக்கியம்.

இப்படித் தேர்ந்தெடுத்து முழுமையாக அகற்றப்பட்டவர்களில் ஐந்து வருடம் கடந்து உயிரோடு இருப்பவர்கள் சுமார் 40 சதவீதம். பத்து வருடம் தாண்டியும் நோயில்லாமல் இருப்பவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். கீமோ மட்டும் எடுப்பவர்களில் ஐந்து வருடத்தைத் தொடுபவர்கள் மிகக் குறைவு. இந்த இடைவெளியை அறிந்தவர்கள், கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவர் படத்தைப் பார்க்காமல் ‘ஆபரேஷன் கிடையாது’ என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

மூன்று வரிசை

படங்கள் எல்லாம் வந்த பிறகு நோயாளி மூன்றில் ஒரு வரிசையில் நிற்பார்.

1. இப்போதே எடுக்கக் கூடியது. ஒன்றிரண்டு கட்டி, வசதியான இடம். சிலருக்கு நேராக ஆபரேஷன், சிலருக்கு முன்னால் மூன்று மாதம், பின்னால் மூன்று மாதம் கீமோ. இவர்களுக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது நல்லதல்ல. எடுக்கக்கூடிய கட்டி உள்ளவர்களுக்குக் கீமோவோடு செடுக்ஸிமாப் என்ற குறிவைத்துத் தாக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வில், சேர்த்தவர்களுக்குத்தான் பலன் குறைவாக இருந்தது.

2. இன்று முடியாது, நாளை முடியலாம். இந்த வரிசையில்தான் அதிக வேலை இருக்கிறது, அதிகமான பேர் தவறவிடப்படுவதும் இங்கேதான். 1996-இல் பாரிஸை ஒட்டியுள்ள பால் ப்ரூஸ் மருத்துவமனைக் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று ஒதுக்கப்பட்ட 330 பேருக்குக் கீமோ கொடுத்தபோது 53 பேருக்குக் கட்டி சுருங்கி, ஆபரேஷன் செய்ய முடிந்தது. அந்த 53 பேரில் 40 சதவீதம் பேர் ஐந்து வருடம் கடந்தார்கள். மருந்துகள் அதற்கப்புறம் இன்னும் வலுவாகிவிட்டன.

3. அறுவைக்கு வழியே இல்லாதது. இங்கே கீமோவும் குறிவைத்துத் தாக்கும் மருந்துகளும்தான் சிகிச்சை. பழைய ஒற்றை மருந்துக் காலத்தில் சராசரி ஆயுள் ஒரு வருடம் என்று இருந்தது. இன்று இரண்டரை வருடத்தை நெருங்கியிருக்கிறது. அந்த இரண்டரை வருடத்தில் பெரும்பகுதியை வேலை பார்த்துக்கொண்டே கழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வரிசையில் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மருந்து நன்றாகக் கேட்கிறது, இன்னும் ஆறு சைக்கிள் போடலாம்’ என்று இழுத்துக்கொண்டே போவதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கல்லீரலின் நுண்குழாய்களைப் புண்ணாக்கி அதை நீலம் பாரித்ததுபோல் ஆக்கிவிடும். இரினோடெக்கான் என்ற இன்னொரு கீமோ மருந்து கொழுப்புப் படிய வைக்கும். அந்தக் கல்லீரலை வெட்டினால் ரத்தம் அதிகம் போகும், தேறுவதும் மெதுவாகும். இரண்டு, சிறிய கட்டி ஸ்கேனிலிருந்தே மறைந்துவிடும். குடும்பம் இதைக் கேட்டு மகிழ்கிறது. ஆனால் மறைந்த இடங்களில் பலவற்றில் உயிருள்ள புற்றுச் செல் மிச்சம் இருக்கிறது, கத்தி வைக்க வேண்டிய இடம்தான் தெரியாமல் போகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, எடுக்கக்கூடிய அளவுக்கு வந்த உடனே ஆபரேஷனுக்குப் போவதே சரியான முறை.

கல்லீரலை முதலில் வளர்த்துக்கொள்ளும் வித்தை

மிஞ்சும் பகுதி போதாது என்றால் அதை முன்கூட்டியே வளர்க்கலாம். வலது பக்கம் எடுக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றின் பக்கவாட்டில் ஊசி வழியாக நுழைந்து, வலது பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் நாளத்தை மட்டும் அடைத்துவிடுவார்கள். வயலில் ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் முழுக்க அடுத்த வாய்க்காலில் பாய்வதுபோல, ரத்தம் இடது பக்கம் திரும்பும். நாலு முதல் ஆறு வாரத்தில் இடது பகுதி பருத்துவிடும். அப்புறம் ஆபரேஷன். இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் முதலில் ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து, வளரவிட்டு, பிறகு மறுபக்கத்தை எடுப்பதும் உண்டு.

மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் சிறிய கட்டியை வெட்டாமல், ஊசி செலுத்தி மைக்ரோவேவ் வெப்பத்தால் சுட்டு அழிக்கலாம். சரியான இடத்தில் உள்ள சிறிய கட்டிகளுக்கு இது ஆபரேஷனுக்குச் சளைத்ததல்ல என்று நெதர்லாந்து தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று 2024-இல் காட்டியது. பெரிய கட்டியை வெட்டிவிட்டு, ஆழத்தில் உள்ள சிறியதைச் சுடுவது என்று ஒரே மேஜையில் இரண்டையும் செய்வதும் வழக்கம்.

கல்லீரல் மாற்று பற்றி வந்த செய்தியும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பழைய இந்த முயற்சியை நார்வே மறுபடி தொடங்கி வைத்தது. 2024-இல் வெளியான பிரான்ஸ் தலைமையிலான ஆய்வில் 94 பேர் பங்கேற்றார்கள். மாற்று அறுவையும் கீமோவும் என்ற பிரிவில் ஐந்து வருடம் கடந்தவர்கள் 57 சதவீதம், கீமோ மட்டும் என்ற பிரிவில் 13 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் நோய் கல்லீரலைத் தாண்டாதவர்கள், குடல் கட்டி ஏற்கெனவே எடுக்கப்பட்டவர்கள், பல மாதம் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்கள் என்று சலித்துச் சலித்து எடுத்த சிலர்தான் அவர்கள். எல்லோருக்கும் திறந்த கதவு அல்ல.

கீமோவின் போது வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

அடிப்படை மருந்துகள் நான்கு: 5-எஃப்.யூ., அதன் மாத்திரை வடிவமான கேப்சிடபின், ஆக்ஸாலிபிளாட்டின், இரினோடெக்கான். ஆக்ஸாலிபிளாட்டினும் 5-எஃப்.யூ.வும் சேர்ந்தால் ‘ஃபோல்ஃபாக்ஸ்’, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இதில் 5-எஃப்.யூ. 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். நெஞ்சுத் தோலுக்கடியில் ‘கீமோ போர்ட்’ பதித்து, பலூன் போன்ற சிறு பம்ப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மாத்திரையோடு சேர்ந்தால் ‘கேப்பாக்ஸ்’, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தொலைவிலிருந்து வருபவர்களுக்கு இது தோதாக இருக்கிறது.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய அன்றிலிருந்து சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. சித்திரை வெயிலில் கீழவாசல் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடித்தால் தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பதுபோல் இருக்கும், மூச்சே நின்றுவிட்டதோ என்று பயம் வரும். மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை, நரம்பு அப்படி உணர்த்துகிறது. ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டாலும், காலையில் குளிர்ந்த எவர்சில்வர் செம்பைத் தொட்டாலும் விரல் நுனியில் ஷாக் அடிக்கும். இது தானாகப் போய்விடும். ஆனால் அடுத்த ஊசி வரைக்கும் மரமரப்பு போகாமல், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பூக் கட்ட முடியவில்லை என்ற நிலை வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். மருந்தளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டால் அந்த மரமரப்பு நிரந்தரமாகிவிடலாம்.

கேப்சிடபின் உள்ளங்கை, உள்ளங்காலைச் சிவக்க வைத்துத் தோலை உரிக்கும். தேங்காயெண்ணெயோ யூரியா கலந்த க்ரீமோ தினமும் தடவுவது நல்லது. இரினோடெக்கானுக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கீழாநெல்லி, பெயர் தெரியாத சூரணம், யாரோ சொன்ன லேகியம் எல்லாம் அன்போடு கொடுக்கப்படுபவைதான். கீமோவைப் பிரித்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. அதே கல்லீரலின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றினால், ரத்தப் பரிசோதனையில் கோளாறு காட்டும், எதனால் என்று தெரியாமல் கீமோவும் தள்ளிப்போகும். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அந்த மெழுகுக் கட்டியைப் பத்திரப்படுத்துங்கள்

குடலில் எடுத்த சதைத் துணுக்கைத் தீப்பெட்டியைவிடச் சிறிய மெழுகுக் கட்டிக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்பது அதுதான். எந்த மருந்து வேலை செய்யும் என்பது அதற்குள் இருக்கிறது. முக்கியமான சோதனைகள் இவை:

1. கே-ராஸ், என்-ராஸ் என்ற மரபணுக்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இவற்றில் மாற்றம் இருக்கும். இருந்தால் செடுக்ஸிமாப், பானிடுமுமாப் இரண்டும் வீண், காசும் போய்ப் பக்கவிளைவும் வரும். மாற்றம் இல்லாமல், கட்டி பெருங்குடலின் இடது பக்கமோ மலக்குடலிலோ இருந்தால் அவை நன்றாகக் கேட்கும்.
2. பி-ராஃப் என்ற மரபணு. மாற்றம் இருந்தால் நோய் வேகமானது, மருந்துத் திட்டமே வேறு.
3. எம்.எஸ்.ஐ., அதாவது மரபணுவில் வரும் பிழையைத் திருத்தும் வேலை கட்டியில் கெட்டிருக்கிறதா என்ற சோதனை. பரவிய நோயுள்ள நூற்றில் நாலைந்து பேருக்கே இது அதிகமாக இருக்கும். அவர்களுக்குக் கீமோவைவிடப் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோய் எதிர்ப்பு மருந்து பல வருடம் கைகொடுக்கிறது. விலை மிக அதிகம். இது பரம்பரையாக வருவதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம், அப்போது உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்.

பெவாசிஸுமாப் என்ற மருந்து கட்டிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அதனாலேயே காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். ஆபரேஷனுக்கு ஐந்தாறு வாரம் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும்.

‘ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயத்துக்கும் பதில் வேண்டும். கொலனோஸ்கோப்பியில் குடலிலிருந்து சதை எடுப்பதால் நோய் பரவாது, அது இல்லாமல் சிகிச்சையே தொடங்க முடியாது. ஆனால் எடுக்கக்கூடிய கல்லீரல் கட்டியில் ஊசி குத்துவதை நிபுணர்களும் தவிர்க்கிறார்கள். ஊசித் தடத்தில் செல் தங்கும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. குடலில் நோய் உறுதியாகி, எம்.ஆர்.ஐ. படமும் தெளிவாக இருந்தால் அந்த ஊசி தேவைப்படுவதில்லை.

குடலில் கட்டியை விட்டுவிட்டு ஏன் கீமோ?

குடும்பங்கள் அதிகம் கோபப்படுவது இந்த இடத்தில்தான். ‘முதல்ல வந்த குடல் கட்டி உள்ளேயே இருக்கே, அதை ஏன் முதல்ல எடுக்கல?’ குடல் அடைத்துக்கொண்டாலோ ரத்தம் நிற்காமல் போனாலோ உடனே எடுப்பார்கள், அல்லது மலம் போக வயிற்றில் வெளிவழி வைப்பார்கள். அப்படித் தொந்தரவு இல்லையென்றால் உயிரைத் தீர்மானிப்பது கல்லீரல்தான். குடலை முதலில் எடுத்து, தையல் ஆறக் காத்திருந்து, கீமோ ஒன்றரை மாதம் தள்ளிப்போனால், அதற்குள் கல்லீரலில் எடுக்கக்கூடிய கட்டி எடுக்க முடியாததாகிவிடலாம். அதனால் கல்லீரலை முதலில், குடலைப் பிறகு என்று தலைகீழாகச் செய்வதும் இன்று ஏற்கப்பட்ட முறை. இரண்டும் சிறியதென்றால் ஒரே நாளில்.

மதுரையில் இதை எங்கே தொடங்குவது

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், குடல், கல்லீரல் அறுவைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதன் புற்றுநோய் மையம் பாலரெங்கபுரத்தில். தனியார் மருத்துவமனைகளும் இந்த ஆபரேஷன்களைச் செய்கின்றன. எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘கல்லீரல் சர்ஜனும் கீமோ டாக்டரும் ஸ்கேன் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார்களா?’ இல்லையென்றால் ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு போய் அப்படிப் பார்க்கும் இடத்தில் காட்டுங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படங்கள் முழுவதும் உள்ள சி.டி. தட்டோ பென்டிரைவோ வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கிறது. கீமோ, கதிர்வீச்சு, அறுவை மூன்றும் அதில் வரும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் அட்டை எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஓடுவதைவிட, பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் இதை முடித்துவிடுவது நல்லது.

ஆபரேஷனுக்கு அப்புறம்

கல்லீரலில் கட்டியை எடுத்தவர்களில் பத்தில் ஆறேழு பேருக்கு நோய் மறுபடி தலைகாட்டுகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். தெம்பாக இருக்கிறோம், ஊரில் அறுப்பு வேலை, திருவிழா என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். திரும்பி வந்தது கல்லீரலில் மட்டும் என்றால், சிறியதாக இருக்கும்போதே பிடித்தால், இரண்டாவது முறையும் எடுக்கலாம். தேர்ந்தெடுத்துச் செய்தால் அதன் பலன் முதல் ஆபரேஷனுக்குக் குறைவில்லை.

ஆனால் ஒருமுறை வெட்டி வளர்ந்த கல்லீரல் பழைய வடிவத்தில் இருக்காது. மிஞ்சிய பகுதி உருண்டு திரண்டு, நாளங்கள் இடம் மாறி, குடலும் உதரவிதானமும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டாவது முறை வயிற்றைத் திறப்பவருக்கு, முதல் முறை எந்தப் பகுதி எடுக்கப்பட்டது, எந்த நாளம் கட்டப்பட்டது என்பது எழுத்தில் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ‘ஆபரேஷன் நோட்ஸ்’ நகலையும் கேட்டு வாங்கி, காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் அதே மஞ்சப்பையில் வைத்துவிடுங்கள்.